அழிந்த இனங்களை எண்ணினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரினங்கள் அழிவதைப் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் இப்போது அடிக்கடி வருகின்றன. வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. ஒன்று, இத்தனை இனங்கள் அழிந்தன, இத்தனை ஆபத்தில் இருக்கின்றன என்ற கணக்கு. மற்றொன்று, ஒரு கண்ணி அறுந்தால் உணவுச் சங்கிலி முழுவதும் சரிந்துவிடும் என்ற எச்சரிக்கை. கணக்கு அரைகுறையானது. எச்சரிக்கையோ பல இடங்களில் நடப்பதற்குப் பொருந்துவதே இல்லை. ஒரு இனம் போனபின் அந்த இடத்தில் மிஞ்சியவை என்ன செய்கின்றன, யார் பெருகுகிறார்கள், யார் ஒடுங்குகிறார்கள், அது எத்தனை ஆண்டில் வெளியே தெரிகிறது என்பதுதான் முக்கியம். அதை யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று கேட்கவே இந்த நீண்ட கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு இனம் மறைந்ததும் பல நேரம் எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். அது செய்துவந்த வேலையை வேறொன்றும் செய்துகொண்டிருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆபத்து அந்த அமைதியில்தான் இருக்கிறது. ஜமைக்காவின் பவளப்பாறைகளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள்.

பவளத்துக்கும் பாசிக்கும் தேவைப்படுவது ஒரே இடம்: வெளிச்சம் படும் கல். பாசி வேகமாகப் படரும், பவளம் மெதுவாக வளரும். ஆகவே யாராவது பாசியை ஓயாமல் மேய்ந்துகொண்டே இருந்தால்தான் குட்டிப் பவளம் கல்லில் ஒட்டிப் பிழைக்கும். அந்த மேய்ச்சலைக் கிளிமீன் முதலிய மீன்களும், டயடீமா என்னும் நீண்ட முள் கொண்ட கறுப்புக் கடல் முள்ளெலியும் செய்துவந்தன. ஜமைக்காவில் மீன்களைப் பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறிப் பிடித்தார்கள். பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டிக்கு மீன் இல்லாததாலும், தன்னைத் தின்னும் மீன்களும் குறைந்ததாலும் முள்ளெலி பெருகி, மொத்த மேய்ச்சலையும் தானே ஏற்றுக்கொண்டது. 1980-இல் ஆலன் புயல் பவளங்களை நொறுக்கிப் போட்டது. அப்போதும் முள்ளெலிகள் கல்லைச் சுத்தமாக வைத்திருந்ததால் புதுப் பவளங்கள் ஒட்டத் தொடங்கின.

1983 தொடக்கத்தில் பனாமா கால்வாயின் கரீபியன் முகப்பருகே முள்ளெலிகள் ஏதோ ஒரு நோயால் சாகத் தொடங்கின. ஓராண்டு சொச்சத்தில் நோய் கரீபியன் கடல் முழுவதும் பரவியது. எண்ணிப் பார்த்த இடங்களில் 93 சதவீதத்துக்கு மேல் செத்தன. பாசியை மேய ஆளில்லை. 1977-இல் ஜமைக்கா பாறைகளில் 52 சதவீதம் இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 1990-களின் தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கு வந்தது. 4 சதவீதமாக இருந்த பாசி 92 சதவீதத்துக்கு ஏறியது.

இதை 'முள்ளெலி அழிந்தது, பவளம் அழிந்தது' என்று எழுதினால் காரணத்தைத் தவறவிட்டோம் என்று பொருள். காரியம் கெட்டது மீன்கள் குறைந்த நாளிலேயே. ஒரே வேலைக்கு நாலு கை இருந்த இடத்தில் ஒரு கையாக்கி வைத்தபின், அந்த ஒற்றைக் கைக்கு நோய் வந்தது. 1970-களில் யாராவது ஒரு நிருபர் 'பாறை மாறியிருக்கிறதா?' என்று கேட்டிருந்தால், இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். 'பாசியை இப்போது எத்தனை வகை உயிர்கள் மேய்கின்றன?' என்று கேட்டிருந்தால் விடை வேறு.

வட கலிபோர்னியக் கடலோரத்திலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. கெல்ப் என்னும் மரம்போல் உயரும் கடற்பாசிக் காட்டை ஊதா முள்ளெலி தின்னும், முள்ளெலியைக் கடல் நீர்நாயும் சூரியகாந்தி நட்சத்திரமீனும் தின்னும். அந்தக் கரையில் நீர்நாயை உரோமத்துக்காக வேட்டையாடி 19-ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்துவிட்டார்கள். ஒரு மீட்டர் அகலம் வரை வளரக்கூடிய, இருபத்து நான்கு கைகள் வரை உள்ள அந்த நட்சத்திரமீன் எஞ்சிய காவலாக இருந்தது. 2013-இல் தொடங்கிய நோயில் அதுவும் கரைந்து போனது. கூடவே கடலும் வழக்கத்தைவிடச் சூடேறியது. சில ஆண்டுகளுக்குள் சுமார் 350 கிலோமீட்டர் கரையில் கெல்ப் காட்டின் மேற்பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இல்லாமற்போனது. மேலும் தெற்கே, நீர்நாய் இன்னும் வாழும் மான்டரே கடலோரத்தில் காட்டுத் திட்டுகள் தப்பின.

இரண்டாவது விஷயம், மாற்றம் ஒரே அடியில் முடிவதில்லை, சுற்றுச் சுற்றாக வருகிறது. இதற்குப் பழைய சான்று அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் செய்த சோதனை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பசிபிக் கரையில், சுமார் 8 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பாறைப் பட்டையிலிருந்து 1963 ஜூன் முதல் பைசாஸ்டர் என்ற நட்சத்திரமீனை அகற்றிக்கொண்டே வந்தார். பக்கத்துப் பட்டையை அப்படியே விட்டார். செப்டம்பருக்குள், பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்களான கொட்டலசுகள் 60 முதல் 80 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டன. அந்தக் கட்டத்தில் கணக்கெடுப்பை நிறுத்தியிருந்தால் 'கொட்டலசுகளுக்கு வாழ்வு' என்று எழுதியிருப்பார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் சின்னஞ்சிறு மட்டிகள் வேகமாக வளர்ந்து கொட்டலசுகளை நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. உயிர்கள் பற்றிப் பிடிக்கக் கல் இல்லாமல் போகப் போக, பாசிகள் அற்றன, அவற்றை நம்பியிருந்த நத்தை வகைகளும் இடம்பெயர்ந்தன. 15 இனங்கள் இருந்த பட்டையில் 8 மிஞ்சின. நட்சத்திரமீன் தின்றது மட்டியை. ஆனால் அது காப்பாற்றிக்கொண்டிருந்தது இடத்துக்காக மட்டியோடு போட்டியிட முடியாத மற்ற அத்தனை பேரையும்.

இந்தச் சோதனையை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் பாதியும் உண்டு. 1990-களில் ஓரிகன் கடலோரத்தில் இதே நட்சத்திரமீனைப் பல இடங்களில் சோதித்தபோது, அலை வேகமாக அடிக்கும் பாறைகளில் அதன் பிடி வலுவாகவும், அலை ஒதுங்கிய இடங்களில் பலவீனமாகவும் இருந்தது. 'இது மூலக்கல் இனம்', அதாவது இது போனால் சுற்றியுள்ள எல்லாமே மாறிவிடும் என்று ஒரு உயிருக்கு நிரந்தரப் பட்டம் கட்டுவது தவறு. எந்த இடத்தில், எந்தப் போட்டியாளருக்கு எதிரே என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சில இடங்களில் காலியான இடம் நிரம்பிவிடும், வேலையும் நடக்கும், ஆனால் நடக்கும் விதம் மாறிவிடும். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் இருந்த செஸ்ட்நட் மரம் அப்படி. 1904-இல் நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை, சுமார் ஐம்பது ஆண்டுகளில் அந்த மரம் வளரும் பரப்பு முழுவதும் பரவியது. செத்த மரங்கள் 400 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். காடு அழியவில்லை. ஓக், மேப்பிள், ஹிக்கரி மரங்கள் மேலே எழுந்து வானத்தை மூடிவிட்டன. மேலிருந்து பார்த்தால் அதே பச்சை. ஆனால் செஸ்ட்நட் கோடை தொடங்கியபின் பூப்பதால் பின்பனியில் பூ கருகாது, ஆண்டு தவறாமல் காய்க்கும். ஓக் ஒரு ஆண்டு கொட்டும், மறு ஆண்டு கைவிரிக்கும். அணில், கரடி, எலி எல்லாம் நிலையான வரும்படியிலிருந்து ஏறி இறங்கும் வரும்படிக்கு மாறின. இன்னொன்று: செஸ்ட்நட் இனமாக இன்றும் அழியவில்லை. வேரிலிருந்து துளிர் வருகிறது, பூக்கும் வயது வருமுன் பூஞ்சை அதைக் கொல்கிறது, மறுபடி துளிர்க்கிறது. இனங்களின் பட்டியலில் அதற்கு இன்னும் ஒரு வரி உண்டு, காட்டுக்கு அது செய்த வேலை போய்விட்டது. வேலை பல நேரம் இனத்துக்கு முன்னால் போகிறது என்பதை நிருபர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் பல செய்திகள் இருபது ஆண்டு முன்னதாகவே வரும்.

தெற்காசியாவின் பாறு கழுகுகளும் இப்படித்தான். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் 99.9 சதவீதம் குறைந்தது. கால்நடைக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மருந்துதான் காரணம் என்று 2004-இல் உறுதியானது, 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. இவ்வளவு சரிவுக்கு, நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே போதும் என்று கணக்கிட்டார்கள். கூட்டமாக வந்து உண்ணும், மெதுவாக இனம் பெருக்கும் பறவை என்பதால் அவ்வளவு சிறிய கலப்படமே போதுமாயிற்று. சடலங்கள் தின்னப்படாமல் போய்விடவில்லை, நாய்களும் எலிகளும் தின்றன. கழுகுக் கூட்டம் ஒரு மாட்டை எலும்பாக்கிவிட்டுப் பறந்துவிடும். நாய் மெதுவாகத் தின்னும், அங்கேயே தங்கும், குட்டி போடும், கடிக்கும். 'வேறு உயிர் அந்த இடத்தை நிரப்பிவிட்டது' என்று ஒரு வரியில் முடிக்கும்போது இந்த வித்தியாசம் முழுவதும் காணாமல் போகிறது.

தாமதம் மிக நீளமாக இருப்பது மரங்களில். பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்கு இரண்டாம் உலகப் போரின் பின் வந்து சேர்ந்த பழுப்பு மரப்பாம்பு, அந்தத் தீவின் 12 காட்டுப் பறவை இனங்களில் 10-ஐத் தீவிலிருந்தே துடைத்துவிட்டது. மழைக்காலத்தில் அங்குள்ள காட்டில் சிலந்திகள் பக்கத்துத் தீவுகளைப்போல் 40 மடங்கு வரை இருப்பதை எண்ணியிருக்கிறார்கள். சிலந்தி சில ஆண்டில் பெருகும் உயிர், ஆகவே விரைவில் கண்ணில் படுகிறது. பழம் தின்று விதை பரப்பும் பறவை இல்லாததால் விதைகள் தாய்மரத்தின் காலடியிலேயே விழுகின்றன, காட்டில் மரம் விழுந்து திறந்த இடங்களுக்கு நாற்று வந்து சேர்வது குறைந்துவிட்டது. பெரிய மரங்கள் நின்றுகொண்டிருக்கும்வரை காடு நன்றாக இருப்பதாகவே படம் வரும்.

எது முதலில் போகிறது என்பதும் ஒரு கேள்வி. சோதனைத் திடல்களில் எந்தச் செடி இருக்கட்டும் என்று குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள சீடர் கிரீக் ஆய்வு நிலையத்தில் 1994 முதல் 1, 2, 4, 8, 16 என்று இனங்களை விதைத்து நடத்திவரும் திடல்கள் அப்படிப்பட்டவை, மிகவும் பயனுள்ளவை. ஆனால் வெளியே அழிவு குலுக்கலில் வருவதில்லை. உடல் பெரியது, மெதுவாகப் பெருகுவது, ஒரே உணவை நம்பியது, இவைதான் முதலில் போகின்றன. வெனிசுவேலாவில் அணை நீரில் தீவுகளான காட்டுத் துண்டுகளில் சாணி வண்டுகளை ஆராய்ந்தபோது, முதலில் மறைந்தவை பெரிய வண்டுகள் என்றும், சாணத்தைப் புதைப்பதில் பெரும்பங்கு அவற்றுடையதே என்றும் தெரிந்தது. பத்தில் இரண்டு இனம் போனால் வேலையில் இருபது சதவீதம் குறையும் என்ற கணக்கு அங்கே பலிக்காது.

இனி, இதையெல்லாம் எப்படி அளப்பது? 'இனங்களின் எண்ணிக்கை குறையவில்லை' என்று ஒரு அறிக்கை வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். பல நாடுகளில் பல்லாண்டு எடுத்த 100 கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியான ஆய்வில், அந்தந்த இடத்து இனங்களின் எண்ணிக்கை சராசரியில் குறைந்திருக்கவில்லை. ஆனால் அங்கிருந்த இனங்கள் யார் யார் என்பது வெகுவாக மாறியிருந்தது. ஒன்று போக ஒன்று வந்தால் கூட்டல் அப்படியே நிற்கும்.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு திடல்கள், இரண்டிலும் 100 செடிகள், இரண்டிலும் 10 இனங்கள். முதல் திடலில் ஒவ்வொன்றும் 10. இரண்டாவதில் ஒரே இனம் 91, மற்ற ஒன்பதும் ஆளுக்கு ஒன்று. எண்ணிக்கையில் இரண்டும் பத்துதான். ஒவ்வொரு இனத்தின் பங்கையும் கணக்கில் எடுக்கும் ஷானன் குறியீட்டைப் போட்டு 'சமமாக இருந்தால் எத்தனை இனங்களுக்கு ஈடு' என்று மாற்றினால், முதல் திடல் 10, இரண்டாவது சுமார் 1.65. அறிக்கையில் பத்து என்று மட்டும் இருந்தால் இந்தப் பள்ளம் தெரியாது. ஆகவே இருக்கிறதா இல்லையா என்பதோடு, எத்தனை என்பதும் வேண்டும்.

கணக்கெடுப்பின் உழைப்பு சமமா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டு 10 மணி நேரம், இப்போது 40 மணி நேரம் தேடினால் இனங்கள் தானாகவே கூடும். அதே மாதம், அதே நேரம், அதே நீளப் பாதை. உழைப்பு மாறியிருந்தால், அதிகமாகக் கிடைத்த பட்டியலிலிருந்து குறைந்த பட்டியலின் அளவுக்கு உயிர்களைக் குலுக்கி எடுத்து ஒப்பிட வேண்டும். கண்ணில் படாதது இல்லாததும் ஆகாது. ஒரு தடவை போனால் பார்க்கும் வாய்ப்பு பாதி என்றால், இருந்தும் மூன்று தடவையில் தவறவிடும் வாய்ப்பு 8-இல் 1, ஐந்து தடவையில் 32-இல் 1. ஒரே தடவை போய்விட்டு 'மறைந்துவிட்டது' என்று சொல்வதை அச்சேற்றக் கூடாது.

மரங்களுக்கு, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டத்தை அளந்து பருமன் வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு இனத்தில் பெருத்த மரங்கள் நிறைய இருந்து, கையளவு பருமனில் ஒன்றும் இல்லை, நாற்றும் இல்லை என்றால் அதன் விதை பரவும் வழியோ நாற்று பிழைக்கும் வழியோ அடைபட்டுவிட்டது. இது பத்தாண்டு காத்திராமல் ஒரே வாரத்தில் கிடைக்கும் எச்சரிக்கை.

மேய்ச்சலின் பங்கை அறியக் கூண்டு அல்லது வேலி போடுகிறார்கள். இங்கே அடிக்கடி தவறு நடக்கிறது. கூண்டு நிழல் தரும், நீரோட்டத்தைத் தடுக்கும், உள்ளே வண்டல் தங்கும். பாசி வளர்ந்தது மேய்ப்பவர் இல்லாததாலா, கூண்டு இருந்ததாலா? அதற்காகவே மூன்றாவதாக ஒன்று வேண்டும்: கூரையும் இரண்டு பக்கமும் உண்டு, மற்ற இரண்டு பக்கம் திறந்திருக்கும். மேய்பவை நுழையலாம், நிழலும் இருக்கும். இந்த அரைக்கூண்டு திறந்த திடலைப் போலவே இருந்தால்தான் முழுக்கூண்டின் முடிவை நம்பலாம்.

இன்னும் நல்லது, வேலையையே நேரடியாக அளப்பது. பச்சை நிறப் பிளாஸ்டிசினில் (உருவம் செய்யும் மெழுகுக் களிமண்ணில்) இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளப் புழுக்களை உருட்டி இலைகளில் ஒட்டிவிட்டு, சில நாள் கழித்துப் பார்த்தால் யார் கொத்தினார்கள் என்று தெரியும். பறவை அலகு ஆப்பு வடிவில் பதியும், எலிப்பல் இணைக்கோடாக, எறும்பு பொடிப்பொடிக் குத்தாக. சாணி வண்டுகளுக்கு, எடைபோட்ட புதுச் சாணத்தை வைத்து 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை எடைபோடலாம். ஆனால் பக்கத்தில் வண்டு நுழையாதபடி வலை மூடிய ஒரு குவியலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து போன ஈரமும் வண்டு எடுத்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

கடைசியாக, 'இனத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும்' என்ற செய்திகள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995, 1996-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய் வந்ததும் ஆற்றோர வில்லோ மரங்கள் தழைத்தன, ஆறே திரும்பியது என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். உண்மையில் ஓநாய் இல்லாத எழுபது ஆண்டில் எல்க் மான்கள் வில்லோவைக் கடித்துத் தீர்த்தன, வில்லோ இல்லாமல், மரக்கிளைகளால் ஓடையில் அணை கட்டும் விலங்கான பீவர் போனது, பீவரின் அணைகள் இல்லாமல் ஓடை ஆழமாக அறுத்துக்கொண்டு போய் நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. 2001-இல் தொடங்கிய சோதனையில், வேலி மட்டும் போட்டு மான்களைத் தடுத்த இடங்களில் வில்லோ குட்டையாகவே நின்றது. வேலியோடு செயற்கை அணையும் கட்டி நீர்மட்டத்தை உயர்த்திய இடங்களில்தான் அது மான் வாய்க்கு எட்டாத 2 மீட்டரைத் தாண்டியது. காணாமல் போனது ஓநாய் மட்டுமல்ல, தண்ணீரும்.

மான்டரேயிலும் இதே முடிச்சு. கெல்ப் தீர்ந்த பாறையில் முள்ளெலிகள் பட்டினியில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், ஓட்டுக்குள் சதை இருக்காது. நீர்நாய்கள் அவற்றைச் சீண்டாமல், கெல்ப் மிஞ்சிய திட்டுகளில் உள்ள கொழுத்த முள்ளெலிகளையே பிடிக்கின்றன. ஆகவே நீர்நாய், மிஞ்சிய காட்டைக் காக்கிறது, போன காட்டை மீட்பதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நிருபர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒரு இனம் குறைந்தது என்று எழுதும்போது அது என்ன வேலை செய்தது, அதே வேலையை இப்போது எத்தனை இனங்கள் செய்கின்றன, அவற்றில் எது எந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது என்று ஆய்வாளரிடம் கேட்டு அந்த விடையையும் அச்சிடுங்கள். எண்ணிக்கை வந்தால் அதை எந்த மாதத்தில், எத்தனை தடவை போய், எவ்வளவு பரப்பில் எடுத்தார்கள் என்பதையும், ஒப்பிட்ட பழைய கணக்கு எந்த ஆண்டினது என்பதையும் கீழே ஒரு வரியாகச் சேருங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே இடத்துக்கு மறுபடி ஒருவரை அனுப்புங்கள். பெய்னின் பாறையில் செப்டம்பர் கணக்கும் அடுத்த ஜூன் கணக்கும் எவ்வளவு வேறாக இருந்தன என்பதை மேலே சொன்னோம்.

இப்படிக்கு,
சூழலியல் கணக்கெடுப்புப் பணியில் உள்ள வாசகர்கள்